ஆறு வேற்றுமையும் அவர் பேரும்

1

நேற்று பதிவு அலுவலகத்துக்குப் போயிருந்தோம். வெளிநாட்டுக்காரர்கள் எந்த வீட்டில் குடியிருக்கிறார்கள் என்பதை இந்த ரஷ்ய நாட்டில் காகிதத்தில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து வருடமாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் தலை நிமிராமல், "கணவர் பேர்?" என்றாள். "சிக்கந்தர்" என்றேன். முத்திரை விழுந்தது. பக்கத்தில் நின்ற என் மகள் பர்வீன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் ஒன்றும் தோன்றவில்லை.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்களாக இருக்க மாட்டார்கள். விருதுநகரில் எங்கள் தெருவில் புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லும் பெண்பிள்ளை கிடையாது. எழுதலாம், அதற்குத் தடையில்லை, இதோ எழுதிவிட்டேன். சொல்லத்தான் கூடாது. சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்பது என் அம்மாவின் கட்சி. நான் கெமிஸ்ட்ரி படித்தவள், இதையெல்லாம் நம்புவதில்லை. நம்பாமலேயே பத்து வருடம் ஒரு தடவைகூடச் சொல்லாமல் குடும்பம் நடத்தினேன். அவர் எனக்கு அத்தை மகன். 'மச்சான்' என்று கூப்பிட்டே காலம் ஓடியது.

அந்தப் பத்து வருடம் எப்படி முடிந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

2

விருதுநகரிலிருந்து மிளகாய் வத்தலும் மஞ்சளும் அனுப்பும் ஒரு கம்பெனிக்கு வோல்கா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கிடங்கும் பொட்டலம் போடும் இடமும் உண்டு. அதைப் பார்த்துக்கொள்ள அவரை அனுப்பினார்கள். பின்னாலேயே நானும் ஏழு வயது பர்வீனும் வந்து சேர்ந்தோம்.

வந்ததும் முதல் தொல்லை பேர்தான். ஊரில் எனக்கு மெஹர் என்ற ஒரு பேர் போதும். இங்கே ஆளுக்குக் குடும்பப் பேர் வேண்டும், அப்பா பேரும் வேண்டும். பாஸ்போர்ட்டில் அவருடைய குடும்பப் பேர் என்ற இடத்தில் அவர் அத்தா பேர், மைதீன். அது என் மாமனார் பேர். அதையும் நான் சொல்லக்கூடாது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பேர் சிக்கந்தர். பள்ளிக்கூடத்தில் மகளை 'பர்வீன் சிக்கந்தரொவ்னா' என்று பதிந்தார்கள். சிக்கந்தரின் மகள் என்று அர்த்தம். ஆக, என் பேரை முழுசாகச் சொல்ல முடியாது, பெற்ற பிள்ளையின் பேரை முழுசாகச் சொல்ல முடியாது, அவர் பேரில் முன்பாதியும் ஆகாது, பின்பாதியும் ஆகாது. எல்லா ஜன்னலிலும் பாஸ்போர்ட்டை நீட்டிவிட்டு ஊமைபோல் நின்றேன். மொழி தெரியாதவள் என்று விட்டுவிட்டார்கள். மொழி தெரியாமல் இருப்பதிலும் ஒரு வசதி இருக்கிறது.

கிடங்கில் அவரைச் சாஷா என்றார்கள். சிக்கந்தர் என்பது இவர்கள் ஊரில் அலெக்சாந்தர், அலெக்சாந்தரின் செல்லப் பேர் சாஷா. தெருவில் கல்லெறிந்தால் ஒரு சாஷா மேல் விழும்.

3

இரண்டாம் வருடம் நூலகத்தில் வாரம் இரண்டு நாள் ரஷ்ய வகுப்புக்குப் போனேன். ஆசிரியை நாத்யா, என்னைவிட எட்டு வயது சின்னவள். படிக்க வந்தவர்கள் மூன்றே பேர்: சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு வியட்நாம்காரி, ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு கனடாக்காரர், நான்.

நாலாவது வாரம் வேற்றுமை வந்தது. வாக்கியத்தில் ஒரு சொல் என்ன வேலை பார்க்கிறதோ அதற்குத் தக்கபடி அதன் வால் மாறும், அப்படி ஆறு விதம் என்றாள் நாத்யா. கனடாக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். எதற்கு மாற வேண்டும், சொல்லை இடம் பார்த்து வைத்தால் போதாதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நாய் பூனையைக் கடித்தது என்றாலும், பூனையை நாய் கடித்தது என்றாலும் கடிபட்டது பூனைதானே? மிளகாயை, மிளகாயால், மிளகாய்க்கு, மிளகாயில் என்று வால் வைத்தே வியாபாரம் பண்ணுகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு எட்டு வேற்றுமை. பள்ளிக்கூடத்தில் அந்த எட்டையும் ஒப்பிக்கத் தெரியாமல் ஐந்தோடு நின்று ஸ்கேலால் அடி வாங்கியவள் நான். அந்த அடி இருபது வருடம் கழித்து வோல்கா கரையில் பலன் தந்தது.

அன்றைக்கு வகுப்பில் நான்தான் முதல். 'எனக்கு முப்பத்து மூன்று வயது' என்று ரஷ்யர்களும் 'எனக்கு' போட்டுத்தான் சொல்கிறார்கள். 'எனக்குக் குளிர்கிறது' என்பதும் அப்படியே. கத்தியால் வெட்டினாலும் அண்ணனோடு போனாலும் இங்கே ஒரே வால். நம் இலக்கணத்திலும் ஆலும் ஓடும் மூன்றாம் வேற்றுமை என்ற ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. கனடாக்காரர் கட்டம் போட்டு மனப்பாடம் செய்ததை நான் தமிழில் நினைத்து வால் மட்டும் மாற்றினேன்.

ஒன்றே ஒன்று மண்டையில் ஏறவில்லை. ஒரு பொருள் இருந்தால் அதன் பேர் அப்படியே இருக்கும். இல்லை என்றால் மாறிவிடும். உப்பு 'சோல்'. உப்பு இல்லை என்றால் 'சோலி'. இல்லாத பொருளுக்கு எதற்கு ஒரு வால் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் பர்வீன் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அத்தாவிடம் புகார் சொல்கிற தொனியில் ரஷ்யனில் என்னைத் திருத்துவாள்.

"சோல் இல்லம்மா. சோலி நியெத்."

"யாருக்குச் சோலி இல்ல? எனக்கு மலைபோலச் சோலி கெடக்கு" என்று அவர் தமிழில் சிரிப்பார். அவளுக்கு அந்தச் சிரிப்பு பாதிதான் புரியும். ஊரில் சோலி என்றால் வேலை என்று அவளுக்கு யார் சொன்னது? நான் சொல்லவில்லை. எனக்கு அது உறுத்தியது. ஆனாலும் சோற்றில் உப்பு இல்லாததுதான் அப்போதைக்கு அவசரமாக இருந்தது.

அடுத்த வாரம் நாத்யா, "மெஹர், உங்கள் கணவர் பெயரை ஆறு வேற்றுமையிலும் சொல்லுங்கள்" என்றாள். 'கணவர்' என்ற சொல்லை ஆறு விதமாகவும் சொல்லிக் காட்டினேன். "நன்று. இப்போது பெயர்" என்றாள். எழுந்து போய்ப் பலகையில் எழுதினேன், ஒரு பிழை இல்லாமல். "வாசியுங்கள்" என்றாள். எனக்கு இருமல் வந்தது. வால் ஒட்டிவிட்டால் அது அவர் பேரே இல்லையே, சிக்கந்தரு, சிக்கந்தரம் என்பதெல்லாம் வேறு யாரோதானே என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். அப்படியும் வாய் வரவில்லை.

"பேர் சொல்ல முடியாது" என்றேன், தெரிந்த நாற்பது வினைச்சொல்லை வைத்துக்கொண்டு.

நாத்யா குரலைத் தாழ்த்தி, "ரகசிய வேலையா?" என்றாள்.

"மிளகாய்" என்றேன்.

அன்று என் நோட்டில் அவள் எழுதியது இது: 'பொருள்களுக்கு மிக நன்று. மனிதர்களுக்குப் போதாது. மேலும் பயிற்சி தேவை.' இரண்டு பக்கம் வீட்டுப்பாடமும் கூடவே வந்தது.

4

அந்த பிப்ரவரியில் ஒரு காலை அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குடல்வால் உடைந்திருக்கும், உடனே ஆபரேஷன் என்றார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது, "பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பு. நா வந்திருவேன்" என்றார். நானும் சரி என்றேன். அந்தக் குழப்பத்தில் அவருடைய செல்போன் மேஜைமேலேயே கிடந்தது.

மகளை அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஊரெல்லாம் ஃப்ளூ காய்ச்சல், அதனால் உள்ளே யாரும் வரக்கூடாது, நெருங்கிய சொந்தக்காரர்கள் காலை பத்து முதல் பன்னிரண்டுக்குள் இந்த எண்ணில் கேட்டுக்கொள்ளலாம். காவலாளி அந்தத் தாளையே விரலால் காட்டினான். எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்து நான் வந்து சேர்வதற்குள் அன்றைக்கு மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது.

சாயங்காலம் பர்வீன் போனில் தோழியிடம், "பாப்பி நியெத் தோமா" என்றாள். அப்பா வீட்டில் இல்லை. 'பாப்பா' என்பது 'பாப்பி' ஆகியிருந்தது. எத்தனை வீட்டுப்பாடம் எழுதியும் ஏறாத அந்த வேற்றுமை அப்போது ஒரே நொடியில் எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

5

மறுநாள் பத்து மணிக்கு மகள் பள்ளிக்கூடத்தில். சமையலறையில் நானும் தொலைபேசியும்.

"குடும்பப் பேர்?" என்றது அந்தப் பக்கத்துப் பெண் குரல்.

"என் கணவர். நேற்று ஆபரேஷன்."

"பெண்ணே, கூப்பிடுகிற எல்லாருக்கும் கணவர்தான். குடும்பப் பேர் சொல்."

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தேன். போனில் எப்படி நீட்டுவது? போனை வைத்துவிட்டேன்.

கிடங்குக்குக் கூப்பிட்டேன். அங்கே வேலை பார்க்கும் லாரி டிரைவர் எடுத்தார். "நாங்களும் கேட்டோம். சொந்தக்காரர்களுக்குத்தான் சொல்வார்களாம். நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றார்.

அப்போது எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. சாஷா என்பது அவர் பேர் இல்லை. அதைச் சொன்னால் குற்றமில்லை. மறுபடி எண்ணைச் சுழற்றி, "சாஷா. கிடங்கில் வேலை. நேற்று வயிற்றில் ஆபரேஷன்" என்றேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "கிடங்குக்கார சாஷாவா? விடியற்காலையில் தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருக்கிறார்கள். நிலைமை மோசம்." போன் வைக்கப்பட்டது.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

6

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நினைவு வந்தது விருதுநகர் பெரியாஸ்பத்திரி. நான் காலேஜில் படிக்கும்போது அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஃபேக்டரியில் மருந்து அறை ஒன்று வெடித்தது. காயம்பட்டவர்களை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அன்று அம்மாவுக்குச் சீட்டு வாங்க நானும் அந்த வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அக்கா. சேலையெல்லாம் பட்டாசு மருந்தின் அலுமினியத் தூள் மினுங்கியது.

"யாரப் பாக்கணும்?" என்றார் சீட்டுக்காரர்.

"எங்க வீட்டுக்காரவுகள."

"பேரு?"

அந்த அக்கா பேசவில்லை. அந்த நேரத்திலும் பேசவில்லை. "நீலச் சட்ட போட்டிருந்தாக" என்று மட்டும் சொன்னாள். பின்னாலிருந்து ஒருத்தர், "அட, நம்ம கருப்பசாமி பெஞ்சாதிய்யா. கருப்பசாமின்னு பாருங்க" என்றார். சீட்டுக்காரர் பார்த்தார். "கைலதான் காயம். உள்ள போங்க" என்றார். அவள் ஓடினாள்.

எங்கள் ஊரில் பேர் சொல்லாத பெண்கள் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்பது எனக்கு அந்தச் சமையலறையில்தான் விளங்கியது. நாம் சொல்லாததைச் சொல்ல வரிசையில் ஒருத்தர் இருப்பார். ரேஷன் கடையில் இருப்பார், பேங்கில் இருப்பார், ஆஸ்பத்திரியில் இருப்பார். யாருமே இல்லாவிட்டால் சீட்டுக்காரருக்கே தெரிந்திருக்கும். ஊர் மொத்தமும் நமக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததால்தான் நாம் சொல்லாமல் இருந்தோம். இங்கே எனக்குப் பின்னால் வரிசை இல்லை.

பயம் இன்னொரு பக்கம். ஆயுசு குறையும் என்பதை நம்பாதவள்தான் நான். ஆனால் அவர் உயிர் ஊசலாடும் அன்றைக்கா அதைச் சோதித்துப் பார்ப்பது? கடிகாரம் பதினொன்று ஐம்பதைக் காட்டியது. பன்னிரண்டுக்குமேல் கேட்க நாளைக் காலைவரை வழியில்லை.

பிஸ்மில்லா சொல்லி எண்ணைச் சுழற்றினேன்.

"குடும்பப் பேர்?"

"மைதீன்" என்றேன். மாமனார் மன்னிக்கட்டும்.

"பேர்?"

"சிக்கந்தர்."

"கேட்கவில்லை. சத்தமாக."

"சிக்கந்தர்! சிக்கந்தர்!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரைத் தட்டினார்கள். காகிதம் புரண்டது. புரண்டுகொண்டே இருந்தது.

"மைதீன் சிக்கந்தர். இருக்கிறார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. காய்ச்சல் இல்லை. மூன்றாம் மாடி. கஞ்சி குடித்தார்."

நன்றி என்ற சொல்லை ரஷ்யனில் மறந்துபோய்த் தமிழில் சொன்னேன். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதேன். அந்த இன்னொரு கிடங்குக்கார சாஷா பிழைத்தாரா என்று எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் அவருக்காகத்தான் துடித்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போதும் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

7

மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ள எப்பிடி இருக்காக? பாத்தியாத்தா?"

"பாக்க விடலம்மா. போன்ல கேட்டேன். நல்லா இருக்காகளாம்."

"போன்ல எப்பிடிக் கேட்ட? புள்ள சொல்லுச்சாக்கும்?"

"இல்ல. நாந்தான் சொன்னேன்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். ரெண்டு மூணு தடவ. சத்தமா."

போன் கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"ஒங்கத்தா பேர நா மொதமொத எப்பச் சொன்னேன்னு ஒனக்குத் தெரியாதுல்ல" என்றாள் அம்மா. "அவுக மௌத்தான பெறகு, வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு. தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கு கேட்டாரு. நம்ம தெருக்காரர் ஒருத்தர் சொல்ல வந்தாரு. வேண்டாம், நாஞ் சொல்லுதேன்னுட்டேன். இனிமே கொறையறதுக்கு அவுகளுக்கு ஆயுசு ஏது? சொல்லிட்டு வெளிய வந்து அம்புட்டு அழுதேன். இருக்கையில ஒரு தடவ சொல்லியிருந்தா, காதுலயாவது கேட்டிருப்பாகல்லன்னு."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"நீ இருக்கையிலயே சொல்லிட்ட. இருந்துட்டுப் போகுது. அவுகளுக்குச் சூடா ரசம் வச்சுக் குடுத்து விட முடியுமான்னு கேளு" என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

8

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உள்ளே விடாவிட்டாலும் கட்டடத்துக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டால் நோயாளிகள் ஜன்னலுக்கு வருவார்கள், எல்லாரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று லாரி டிரைவர் சொன்னார். பர்வீனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

முழங்கால்வரை பனி. பத்துப் பதினைந்து பெண்கள் அண்ணாந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "சாஷா!" என்று கத்தினாள். நாலு ஜன்னலில் நாலு சாஷா எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய சாஷா கையாட்டினான், மற்ற மூன்று பேரும் ஏமாந்து உள்ளே போனார்கள்.

நான் "மச்சான்!" என்று கூப்பிட்டேன். மூன்றாம் மாடியில் ஒன்றும் அசையவில்லை. "மச்சான்!" என்றேன் மறுபடியும். பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். போனில் யாரோ ஒருத்திக்குச் சொல்வது வேறு. இங்கே அவரையே பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"நான் கூப்பிடுகிறேன்" என்று பர்வீன் ரஷ்யனில் சொல்லிவிட்டு, "பாப்பா!" என்று கத்தினாள். வரிசையாக ஏழெட்டு அப்பாக்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். அவர் இல்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. "பாப்பி நியெத்" என்றாள் மெல்ல.

அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. கையுறையைக் கழற்றி வாயைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டேன்.

"சிக்கந்தர்!"

வால் இல்லாத பேர். நாத்யா இருந்திருந்தால் திருத்த ஒன்றும் இருந்திருக்காது. இன்னொரு தடவை கத்தினேன். மூன்றாவது தடவைதான் மூன்றாம் மாடியின் கடைசி ஜன்னலில், ஆஸ்பத்திரிப் பைஜாமாவோடு வயிற்றைப் பிடித்தபடி அவர் வந்தார். வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்கள் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக யாரையோ தேடினார். பர்வீன், "அத்தா! இங்கன! அத்தா!" என்று குதித்த பிறகுதான் அவர் கண் என்மேல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்து ரசம் குடித்துக்கொண்டிருக்கும்போது, அன்றைக்கு ஏன் அவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று கேட்டேன்.

"கூப்பிட்டது யாருன்னு தெரியல மெஹரு" என்றார். "ஒங் கொரல்ல எம் பேரு எப்பிடி இருக்கும்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"